மஞ்சள் நோட்டீஸா, செட்டில்மென்ட்டா, தவணை மாற்றமா? கடன் கைமீறும்போது எந்த வழி யாருக்கு

"ஐ.பி. கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், சரிதானே?"

வங்கியின் கடன் வசூல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வேலையை விட்ட பிறகு, கடனில் மாட்டியவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதே பாதி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான். கேட்கிறவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார். கணக்குப் போட்டு எடுத்த முடிவாக அது இருக்காது. அலுத்துப்போய் எடுத்த முடிவாக இருக்கும். "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்பார்கள். கடன் விஷயத்தில் இந்தப் பழமொழி அப்படியே தப்பு. ஒரு சாணுக்கும் ஒரு முழத்துக்கும் நடுவில்தான் வீடு நிற்பதும் போவதும் இருக்கிறது.

தனி மனிதருக்கு மூன்று வழிகள் உண்டு. தவணையை மாற்றி வாங்குவது, ஒரு தொகை பேசி முடிப்பது, கடனை அடைக்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் நொடிப்பு மனு கொடுப்பது. ஊரில் ஐ.பி. என்றும் மஞ்சள் நோட்டீஸ் என்றும் சொல்வது மூன்றாவதைத்தான். மூன்றையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்ப்போம்.

## முதலில் ஒரு நோட்டு

போன வருடம் ஒரு லேத் பட்டறைக்காரர் வந்தார். மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டேன். "இருபத்தஞ்சு இருக்கும் சார்" என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு கடனுக்கு ஒரு பக்கம் என்று எழுதச் சொன்னேன். இரண்டு நாள் ஆனது. எழுதி முடித்தபோது 31 லட்சம் வந்தது. கூட வந்த 6 லட்சம் புதுக் கடன் அல்ல. அவர் மனதில் கடன் என்றே கணக்கு வைக்காத கைமாற்றுகளும், மனைவியின் நகை அடகும், ஏலம் எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டிய மீதியும்தான் அது.

ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு விஷயம் இருக்க வேண்டும். யாரிடம் வாங்கினோம், அசலில் பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, அவர் கையில் நம்முடைய எது இருக்கிறது (வீட்டுப் பத்திரமா, நகையா, புரோ நோட்டா, கையெழுத்துப் போட்ட வெற்று செக்கா), ஜாமீன் கையெழுத்து யார், கடைசியாகப் பணம் கட்டியது அல்லது எழுதிக் கொடுத்தது எந்தத் தேதி.

கடைசித் தேதி எதற்கு என்று கேட்பார்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணப் பணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு சிறு தொகை கட்டி அது எழுத்தில் பதிவானாலோ, பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தாலோ, அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கிறது. "டோக்கனாக ஆயிரம் ரூபாய் போடுங்க, மீதியை அப்புறம் பேசலாம்" என்று வசூல்காரர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டும்போது என்ன செய்கிறோம் என்று தெரிந்து கட்டுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள்.

மாதாமாதம் வருமானம் வருகிறதா, வரப்போகிறதா? இது இல்லாமல் தவணை மாற்றம் பேசிப் பயனில்லை.

கடன் அடமானத்தின் பேரிலா, வெறும் கையெழுத்தின் பேரிலா? வீட்டுக் கடனும் நகைக் கடனும் ஒரு சாதி. கார்டு, பர்சனல் லோன், கைமாற்று எல்லாம் வேறு சாதி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதால் வரும் குழப்பம்தான் அதிகம்.

உங்களுக்காக யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்? ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு சொல்வது அதுதான். என்னைக் கேட்டால் ஐந்தில் கனமான கேள்வி இதுவே. பலர் கடைசியாகத்தான் இதை யோசிக்கிறார்கள்.

செக் கொடுத்திருக்கிறீர்களா? செக் திரும்பினால் அது காசோலைச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும், 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடாச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் அதே தண்டனை இருக்கிறது.

அப்புறம், இந்த வழியில் போனால் திரும்ப எழுந்து நிற்க எத்தனை வருடம் ஆகும்?

## வழி ஒன்று: தவணையை மாற்றி வாங்குவது

வங்கியிடம் போய், காலத்தை நீட்டி மாதத் தவணையைக் குறைத்துத் தரச் சொல்வது ஒரு வகை. அதிக வட்டிக் கடன்களைக் குறைந்த வட்டிக் கடன் ஒன்றை வாங்கி அடைப்பது இன்னொரு வகை.

இரண்டாவது வகை எங்கே நன்றாக வேலை செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. கார்டில் 3 லட்சம் பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் 10,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,890. ஆக மாதம் 12,390 ரூபாய் போகிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். அதே 3 லட்சத்தை 16 சதவீத ஆண்டு வட்டியில் மூன்று வருடக் கடனாக மாற்றினால் மாதத் தவணை சுமார் 10,550. கார்டுக்கு வெறும் வட்டியாகப் போனதைவிடக் குறைந்த பணத்தில் கடனே முடிந்துவிடுகிறது. சம்பளம் நிற்காமல் வருகிறவர், சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) இன்னும் கெடாதவர் என்றால், இதைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்பேன்.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் உண்டு. காலத்தை நீட்டுவது இலவசம் அல்ல. 5 லட்சம் ரூபாயை 14 சதவீதத்தில் மூன்று வருடத்தில் கட்டினால் தவணை சுமார் 17,100, மொத்த வட்டி 1.15 லட்சம். ஆறு வருடமாக நீட்டினால் தவணை 10,300 ஆகக் குறையும், மொத்த வட்டி 2.42 லட்சமாக ஏறும். மூச்சு விடுவதற்குக் கொடுக்கும் விலை அது. கொடுக்கலாம், தெரிந்து கொடுங்கள்.

பணத்தைவிட மோசமானது வேறொன்று. பர்சனல் லோன் வாங்கிக் கார்டை அடைத்தவுடன் கார்டின் வரம்பு திரும்பக் காலியாகி, மறுபடி செலவு செய்ய இடம் கொடுத்துவிடும். ஒரு வருடத்தில் கார்டும் நிரம்பி, லோனும் இருந்து, இரண்டு மடங்காக வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார்டைக் கத்தரித்துப் போடுவது போதாது. கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, மூடியதற்கான கடிதம் வாங்குங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கார்டுக் கடனை அடைக்க வீட்டை அடமானம் வைக்காதீர்கள். கார்டு நிறுவனம் வழக்குப் போட்டு, டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கி, அப்புறம்தான் சொத்துப் பக்கம் வர முடியும். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தாலோ, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் நீதிமன்றத்தில் வழக்கே போடாமல் வீட்டை எடுக்கும் நடவடிக்கையை ஆரம்பிக்கலாம். வட்டி குறைகிறது என்று பார்த்துக் கூரையைப் பணயம் வைத்துவிடுகிறோம்.

எப்போது கேட்பது? முதல் தவணை திரும்புவதற்கு முன்னால். 90 நாள் பாக்கி விழுந்தால் கணக்கு வாராக் கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதன் பிறகு மேலாளருக்கு நல்ல மனம் இருந்தாலும் கையில் அதிகாரம் குறைவு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 20-ஆவது நாளில் சம்பளச் சீட்டோடு வந்து உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது, போனை எடுக்காமல் இருந்துவிட்டு 120-ஆவது நாளில் வந்தவருக்குக் கிடைக்கவில்லை.

## வழி இரண்டு: ஒரு தொகை பேசி முடிப்பது

ஓ.டி.எஸ். (ஒன் டைம் செட்டில்மென்ட்) என்று வங்கியிலும் செட்டில்மென்ட் என்று வெளியிலும் சொல்வது. பாக்கி 4 லட்சம் என்றால், பேசி ஒரு குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ள வைத்து, அதைச் சொன்ன தேதிக்குள் கட்டி முடிப்பது.

இது உங்கள் உரிமை அல்ல. ஓ.டி.எஸ். கொடுத்தே ஆக வேண்டும் என்று கடன் வாங்கியவர் கேட்க முடியாது என 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அடமானம் கையில் இருக்கும்வரை வங்கி பெரிதாக இறங்கி வராது. கையெழுத்துக் கடனில்தான் பேச்சுக்கு இடம் அதிகம்.

கையில் ஒரு தொகை வேண்டும், அது கடனாக வந்த தொகையாக இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் செட்டில்மென்ட் பேச உட்காராதீர்கள். மீட்டர் வட்டிக்கு வாங்கி வங்கியைச் செட்டில் செய்தவருக்கு, சட்டத்துக்கு உட்பட்ட கடன்காரர் போய் உட்படாத கடன்காரர் வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். (கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்படிப்பட்ட கடன் நோட்டில் இருந்தால் அதற்குத் தனியாக வக்கீலிடமும் காவல் துறையிடமும் போக வேண்டும்.)

பணம் கட்டும் முன் கடிதம். வாய்ப்பேச்சோ வாட்ஸ்அப் செய்தியோ போதாது. வங்கியின் முகப்புத் தாளில் கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கடைசித் தேதி, இத்தொகையோடு முழுக் கடனும் தீர்ந்தது என்ற வாசகம் இருக்க வேண்டும். அதோடு மூன்று விஷயம் அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பும் இதோடு முடிகிறது என்பது ஒன்று. செக் வழக்கு இருந்தால் திரும்பப் பெறுவோம் என்பது இரண்டு. வாங்கி வைத்த செக்குகளைத் திருப்பித் தருவோம் என்பது மூன்று. பணத்தை உங்கள் கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். வசூல் ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்துவிட்டு ரசீது தேடி அலைந்தவர்கள் உண்டு.

"நீங்கள் தவணை கட்டுவதை நிறுத்துங்கள், போனை எங்களுக்குத் திருப்பிவிடுங்கள், மீதியை நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்று மாதக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் இப்போது கிளம்பியிருக்கின்றன. நீங்களே கிளைக்குப் போய்ப் பேசக்கூடிய பேச்சு இது. அவர்கள் பேசுகிற மாதங்களில் வட்டி ஏறுவதும் வழக்கு வருவதும் உங்கள் பெயரில்தான்.

வழக்கு நிலுவையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடிப்பது நல்லது. அங்கே எழுதப்படும் தீர்ப்புக்கு சிவில் நீதிமன்ற டிகிரியின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது. வங்கி பின்னால் மாற்றிப் பேச முடியாது. நீங்களும் முடியாது என்பதை மறக்க வேண்டாம். கட்டுகிற தேதியை அவசரத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதன் மறைமுகச் செலவு, சிபில் போன்ற நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையில் இருக்கிறது. முழுதாகக் கட்டியவர் கணக்கில் 'குளோஸ்டு' என்று வரும். உங்கள் கணக்கில் 'செட்டில்டு' என்று வரும். அடுத்த கடன் கேட்கும் இடத்தில் அதிகாரி முதலில் பார்ப்பது அந்த ஒரு சொல்லைத்தான். நான் பார்த்திருக்கிறேன், பார்த்து மறுத்துமிருக்கிறேன். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி கொடுத்த விதிமுறைப்படி, சமரசம் செய்துகொண்ட வங்கி அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுக்க, விவசாயக் கடன் தவிர்த்த மற்றவற்றில், குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும். பின்னொரு நாள் பணம் வந்தால், தள்ளுபடி ஆன தொகையைக் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றித் தரச் சொல்லி வங்கியைக் கேட்கலாம்.

## வழி மூன்று: ஐ.பி.

இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். ஆகையால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததே என்பார்கள். வந்தது. தனி நபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. சாதாரண ஆட்களுக்கு இன்னும் பழைய சட்டங்கள்தான். சென்னை மாநகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மனு போவது உயர் நீதிமன்றத்துக்கு. மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம், மனு போவது சார்பு நீதிமன்றத்துக்கு. புதிய சட்டத்தில் மிகச் சிறிய அளவில் கடன் வாங்கியவர்களுக்காக எழுதிய சலுகை வழி ஒன்றும் அமலுக்கு வராமலேயே கிடக்கிறது. அது வந்திருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடன் 500 ரூபாயைத் தாண்டியிருந்து அடைக்க வழியில்லை என்றால் மனு கொடுக்கலாம். மனுவில் கடன் கொடுத்த எல்லோர் பெயரும், உங்கள் எல்லாச் சொத்தும் இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போகும், பத்திரிகையில் விளம்பரமும் வரும். பொடி எழுத்தில் உங்கள் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், கீழே எதிர்மனுதாரர்களாக வரிசையாகப் பக்கத்து வீட்டுக்காரர், பெரியப்பா மகன், பலசரக்குக் கடைக்காரர் என்று எல்லோரும். காலையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அழுத ஒருவரை எனக்குத் தெரியும். இந்தச் செலவை எந்த வக்கீலும் கட்டணத்தில் எழுத மாட்டார்.

மனு போட்ட நிமிடமே எல்லாம் நின்றுவிடும் என்பது தவறு. நொடித்தவர் என்று நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் முழுப் பாதுகாப்பு. அப்போதிலிருந்து உங்கள் சொத்து நீதிமன்றத்தின் கைக்கு, அல்லது சொத்தைப் பொறுப்பில் எடுக்க அது நியமிக்கும் ரிசீவரின் கைக்குப் போகும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் கையெழுத்துக் கடன்காரர்கள் தனித்தனியாக உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவும் கேட்டு வாங்கலாம். துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில்காரரின் கருவிகள், வருங்கால வைப்பு நிதி போல ஜப்தி செய்யக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்லும் பொருட்கள் உங்களிடமே இருக்கும்.

எதெல்லாம் நிற்காது? அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரின் உரிமை நிற்காது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், ஐ.பி. கொடுத்தாலும் வங்கி வீட்டை எடுக்கலாம். ஜாமீன்தாரர் தப்ப மாட்டார். நீங்கள் கடனிலிருந்து விடுதலை ஆன பிறகும் அவர்மேல் கடன் அப்படியே நிற்கும் என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்கிறது. செக் வழக்கு குற்ற வழக்கு என்பதால் அது தன் வழியில் நடக்கும். அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடி செய்து வாங்கியது, மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் இவையும் போகாது.

ஆக ஒரு மாதச் சம்பளக்காரருக்கு வீட்டுக் கடன், நகைக் கடன், நண்பர் ஜாமீன் போட்ட லோன், செக் கொடுத்த கைமாற்று என்று இருந்தால், ஐ.பி. அவருக்கு ஏறக்குறைய எதையும் தீர்க்காது.

அடுத்தது, ஊரெல்லாம் சுற்றும் அந்த யோசனை: "சொத்தை மனைவி பேருக்கு எழுதிவிட்டு ஐ.பி. கொடுத்துவிடு." இதைச் சொல்கிறவர் உங்கள் நலம் விரும்பியாகவே இருக்கலாம், கேட்காதீர்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்தில் சரியான விலை வாங்காமல் மாற்றிய சொத்தை நீதிமன்றம் திரும்ப இழுக்கலாம் என்கிறது 53-ஆவது பிரிவு. கடைசி மூன்று மாதத்தில் மற்றவர்களை விட்டுவிட்டு வேண்டப்பட்ட ஒருவருக்கு மட்டும் அடைத்ததையும் ரத்து செய்யலாம். மறைத்தது தெரிந்தால் ஒரு வருடம் வரை சிறை. நேர்மையாகச் செய்தால் கிடைத்திருக்கும் விடுதலையும் கெட்டுப்போகும்.

விடுதலையைப் பற்றிப் பலருக்குத் தெரியவே தெரியாது. நொடித்தவர் என்று அறிவிப்பது பாதி வேலைதான். அந்த உத்தரவிலேயே இத்தனை காலத்துக்குள் விடுதலைக்கு மனு போட வேண்டும் என்று நீதிமன்றம் தேதி குறிக்கும். அதைப் போடாமல் விட்டால் அறிவிப்பே ரத்தாகி, கடன்காரர்கள் பழையபடி வந்து நிற்கலாம். மனு போட்டாலும், சொத்தை விற்று வந்தது கையெழுத்துக் கடனில் ரூபாய்க்கு எட்டணாவைக்கூடத் தொடவில்லை என்றால், அது உங்கள் குற்றமல்ல என்று நீங்கள் காட்ட வேண்டும். சூதாட்டம், ஊதாரிச் செலவு, கணக்குப் புத்தகம் இல்லாமை எல்லாம் எதிராக நிற்கும். நோட்டு எழுதச் சொன்னேனே, இங்கே அது சாட்சியாகும்.

விடுதலை ஆகும்வரை புதிதாகச் சேரும் சொத்தும் ரிசீவருக்குப் போகும். உள்ளாட்சி, சட்டமன்ற, நாடாளுமன்றப் பதவி கிடையாது. கம்பெனி இயக்குநர் ஆக முடியாது. நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் ஆறு மாதம் வரை சிறை.

அப்படியானால் யாருக்கு இது நல்ல வழி? ஒரு ஜவுளி வியாபாரியைச் சொல்கிறேன். 17 புரோ நோட்டு, நான்கு டிகிரி, ஜாமீன் யாரும் இல்லை, செக் எதுவும் வெளியே இல்லை, விற்க மீதி இருந்தது கடைச் சரக்கு மட்டும். ஒவ்வொரு கடன்காரரும் தனித்தனியாக நீதிமன்ற அமீனாவோடு ஜப்திக்கு வந்துகொண்டிருந்தார். அவரை ஐ.பி. கொடுக்கச் சொன்னேன். எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள், இருந்ததை விகிதப்படி பிரித்துக்கொண்டார்கள், அவருக்கும் ஒரு முடிவு கிடைத்தது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | தவணை மாற்றம் | செட்டில்மென்ட் | ஐ.பி. |
|---|---|---|---|
| அவசியம் வேண்டியது | நிற்காத மாத வருமானம் | சொந்தமாக ஒரு மொத்தத் தொகை | எல்லாக் கடனும் சொத்தும் ஒளிவில்லாமல் |
| அடமான வீடு | காப்பாற்ற முடியும் | வங்கி குறைவாகவே இறங்கும் | காப்பாற்றாது |
| ஜாமீன்தாரர் | கட்டும்வரை தொந்தரவில்லை | கடிதத்தில் எழுதினால் விடுபடுவார் | மாட்டிக்கொள்வார் |
| செக் வழக்கு | வராமல் தடுக்கலாம் | பேசி வாபஸ் வாங்கலாம் | தொடர்ந்து நடக்கும் |
| மறைந்த செலவு | கூடுதல் வட்டி, காலியான கார்டு | 'செட்டில்டு' என்ற சொல் | விளம்பரம், பதவித் தடை, வருடங்கள் |
| பொருந்தாத இடம் | வேலை போனவர் | கடன் வாங்கிச் செட்டில் செய்பவர் | அடமானமும் ஜாமீனும் அதிகம் உள்ளவர் |

நான்காவது வழி ஒன்றை யாரும் கேட்பதில்லை. சொத்தை நாமே விற்று அடைப்பது. வங்கி ஏலத்தில் போகும் விலைக்கும், ஆள் பார்த்துப் பேசி நாமே விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சில நேரம் கடனின் பாதியைத் தீர்த்துவிடும். மனதுக்கு மிகக் கஷ்டமான வழி. மீண்டு வருவதற்கு அதைவிடச் சுத்தமான வழி இல்லை.

## திரும்ப எழுவது

கடன் முடிந்த மாதத்தில் செய்ய வேண்டியது காகித வேலை. பாக்கியில்லை என்ற சான்றிதழ், திரும்பி வந்த செக்குகள், அடமானப் பத்திரம். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். முடிந்த கடன் இன்னும் பாக்கி என்று நின்றால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

ஸ்கோரை ஏற்ற ஆயிரம் வழி சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை உள்ளது ஒன்றுதான். வங்கியில் ஒரு சிறு வைப்புத்தொகை போட்டு, அதன்மேல் கார்டு வாங்கி, போன் கட்டணம் போல ஒரே ஒரு செலவை அதில் வைத்து, மாதாமாதம் முழுதாக அடைப்பது. பலனை உடனே எதிர்பார்க்காதீர்கள். "பணம் கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன்" என்பவர் ஏமாற்றுகிறார். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

அதோடு அவசரத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்பு, எவ்வளவு சிறியதானாலும். நான் பார்த்த இரண்டாம் தடவை விழுகைகள் பல, ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையில் எதுவுமில்லாமல் போனதில் ஆரம்பித்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடனுக்காக யாரும் தூக்கிக்கொண்டு போய்ச் சிறையில் போட முடியாது. கட்ட வசதி இருந்தும் கட்ட மறுத்தால்தான் டிகிரிக்காகச் சிறை, வெறும் இல்லாமைக்காக இல்லை என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களைப் பணக் கடன் டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பு அதிகாரிக்கு) எழுதுங்கள். மனம் ரொம்பவே சோர்ந்து தப்பான யோசனை வந்தால் 104-க்கோ 14416-க்கோ கூப்பிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100-க்குக் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்கு வழி சொல்வார்கள்.

அந்த லேத் பட்டறைக்காரர் ஐ.பி. கொடுக்கவில்லை. நோட்டின் ஒன்பதாவது பக்கம், அதாவது மெஷின் கடன், அதில் ஜாமீன் என்ற இடத்தில் அவர் மைத்துனர் பெயர் இருந்தது. "நான் கையைத் தூக்கினால் அவர் வீட்டுக்குப் போவார்கள், இல்லையா" என்று கேட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு லேத்தில் ஒன்றை விற்றார். அந்தப் பணத்தில் இரண்டு கார்டையும் செட்டில் செய்தார். வீட்டுக் கடனுக்குக் காலத்தை நீட்டி வாங்கினார். மெஷின் கடனை மாதம் தவறாமல் கட்டுகிறார். கைமாற்றுக்காரர்கள் பதினோரு பேரையும் நேரில் போய்ப் பார்த்து, மாதம் இருவருக்கு என்று முறை வைத்திருக்கிறார். நோட்டில் இன்னும் எட்டுப் பக்கம் பாக்கி. முடிந்த பக்கங்களின் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் தேதி எழுதுகிறார்.